செவலையிடம் சொன்னது

கடலுக்கு எல்லை வைத்த நாளில் ஆண்டவர் எங்கள் சூசைக்கரையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கொஞ்சம் தடுமாறியிருப்பார் போல, ஏனென்றால் கிழக்கே கடல், மேற்கே உப்போடை, நடுவில் ஒரு முழத் துணியை விரித்துப் போட்டது மாதிரி எங்கள் மணல், அந்த மணலை ஊர் உலகத்தோடு சேர்த்து வைக்க அப்போது ஓடையின் மேல் ஒரேயொரு தரைப்பாலம், அந்தப் பாலமும் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தண்ணீருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பாலம் முங்கிவிட்டால் சாமியாரும் அக்கரையில், செவிலியம்மாவும் அக்கரையில், பால் வண்டியும் அக்கரையில். இக்கரையில் நாங்களும் எங்கள் வியாகுல மாதாவும்தான்.

இப்படிப்பட்ட ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் வருவார் டாக்டர் பிருந்தா. கர்ப்பப்பைக்கும் பிரசவத்துக்கும் மட்டுமே தனியாகப் படித்தவர். மாவட்டம் முழுக்க அவரை மாதிரிப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று சொல்வார்கள். கோயில் மண்டபத்தில் முகாம் போடுவார். ஒரு முகாமில், வெயில் சாய்ந்தும் பெண்கள் வரிசை சாயவில்லை, அவர் தொண்டை கட்டிப்போய், கட்டங்காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க ஒவ்வொருத்தர் வீட்டுலயும் என்னைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டுப் போக முடிஞ்சா நல்லா இருக்கும்மா" என்று சொல்லி, காலிக் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் விடியற்காலை கோயிலில் திரிகால ஜெப மணி அடித்தபோது அவர் எங்கள் வீடுகளில் இருந்தார்.

ஆளாக இல்லை. அவர் படித்த படிப்பு இருந்தது. வலையில் விழுந்த மீனைக் கரையில் வைத்துப் பங்கு பிரிப்பது மாதிரி வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிந்து வந்திருந்தது. இடியாப்பம் விற்கிற செல்லரோஸ் அக்காவின் உள்ளங்கைக்கு, வயிற்றின் மேல் வைத்ததும் பிள்ளையின் தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. கோயில் உபதேசியார் மனைவிக்குக் கால் வீக்கமும் தலைவலியும் எப்போது சும்மா, எப்போது ஆபத்து என்பது வந்திருந்தது. ரொட்டிக் கடைக்காரிக்குக் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து ரத்தத்தின் குறைவைச் சொல்லத் தெரிந்தது. எனக்கு விழுந்தது, யார் எந்த வேளையில் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்கிற பங்கு. ஆண்களில் ஒருத்தருக்குத்தான் கிடைத்தது, அதுவும் ஐஸ் கம்பெனி காவல்காரர் மொராயிஸ் அண்ணனுக்கு. பிறந்த பிள்ளையைத் துடைப்பதும் மூச்சு விட வைப்பதும் சூடாக வைப்பதும். மனிதர் வெட்கத்தில் பூசைக்கே வரவில்லை. "என்ன மொராயிசு, இனிமே ஐஸ் கட்டிக்கும் தொட்டில் கட்டுவியா?" என்று கரையில் அவரை ஒரு வழி பண்ணினார்கள். சாமியாருக்கு ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் பிரசங்கத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிவிட்டது. உப்பு இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போகிறோம், தீப்பெட்டி இல்லையென்றால் எதிர்வீட்டுக்குப் போகிறோம், அது மாதிரி மசக்கைக்கு ஒரு வீடு, நீர்க்கடுப்புக்கு ஒரு வீடு என்று போகப் பழகினோம். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட நகை நட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "உங்க வீட்டுக்கு என்ன பங்கு விழுந்திருக்கு?" என்று விசாரித்தார்கள். கால்வீக்க வீட்டுப் பெண்ணை ரத்தசோகை வீட்டில் கொடுத்தால் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பங்கு சேருமே என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு.

ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. கேட்டால்தான் வரும். தேவை உள்ளவள் கேட்க வேண்டும், அல்லது அவளைப் பெற்றவளோ கட்டினவனோ கேட்க வேண்டும். வேடிக்கைக்குக் கேட்டால் சொல்கிறவளுக்கு விக்கல்தான் வரும். ஒருத்தியின் தேவைக்கு ஊரார் போய்க் கேட்டால் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றுவிடும், வெளியே வராது. எழுதி வைக்கப் பார்த்தார்கள், மை தாளில் ஒட்டவில்லை.

அடுத்த முகாமுக்கு வந்த டாக்டரிடம் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. செல்லரோஸ் அக்காவை ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் கை வைக்கச் சொல்லி, தானும் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். பிறகு எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துக் கண்டிப்பாகச் சொன்னார்: "பாலம் தெரியிற நாள்ல வீட்டுல வச்சுப் பிரசவம் பார்க்கலாம்னு யாராவது நினைச்சீங்கன்னா இது உங்களை விட்டுப் போயிரட்டும். பாலம் தெரிஞ்சா பாலத்தைத் தாண்டுங்க. பாலம் தெரியாத நாளுக்குத்தான் இது."

ஆமென் என்று சொன்னோம்.

இப்போது நான் சொல்ல வருவது பாலம் தெரியாத ஒரு நாளைப் பற்றி.

சலேத்தம்மாளின் ஒரே மகள் பிரிஸ்கா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். சலேத்து என்னிடம் வந்து கேட்டாள், நானும் எனக்கு வந்ததைச் சொன்னேன்: "மழை கறுக்கு முன்னாடி பிள்ளையக் கூட்டிக்கிட்டு அக்கரைக்குப் போயிரு சலேத்து, ஆஸ்பத்திரில படுக்கை இருக்கு." ஞாயிற்றுக்கிழமைப் பூசை கண்டுவிட்டுக் கிளம்புவதாகத்தான் இருந்தாள். மழையோ சனிக்கிழமையே வந்துவிட்டது, வலியும் மழையோடு வந்தது. ஞாயிறு விடிந்தபோது பாலம் இருந்த இடத்தில் ஓடை மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு கடலைப் பார்த்து ஓடியது. வள்ளத்தை இறக்கினால் கடலுக்கே இழுத்துக்கொண்டு போகும். அக்கரையில் ஆம்புலன்ஸ் வந்து நின்று விளக்கைச் சுழற்றியது தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கடல் வற்றம் வந்து தண்ணீர் இறங்க வேண்டும், அது மத்தியானத்துக்குப் பிறகுதான்.

செல்லரோஸ் அக்கா வந்து வயிற்றைத் தொட்டு, "தலை கீழதான் இருக்கு, மாதாவுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். மொராயிஸ் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே மழையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பிள்ளை விழுந்ததும் பிரிஸ்கா கேட்கக் கேட்க, "துணியால தொடைங்க, முதுக நல்லாத் தடவுங்க, அழுதுட்டா அம்மை நெஞ்சுல போடுங்க" என்று சத்தம் கொடுத்தார். பெண் பிள்ளை. வீறிட்டு அழுதது. மழைக்குள்ளும் தெருவில் ஒரு சிரிப்புச் சத்தம் போனது. நஞ்சுக்கொடியும் முழுசாக வந்து விழுந்தது.

ரத்தம்தான் நிற்கவில்லை.

முதலில் எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்தோம். போட்ட துணி நனைந்தது, மாற்றிய துணி நனைந்தது, பாய் நனைந்தது, பிரிஸ்காவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது, "அம்மா, காதுக்குள்ள கடல் கேக்கு" என்றாள். அங்கே நின்ற நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போனால் என்ன செய்வது என்கிற பங்கு யாருக்கு விழுந்திருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வியாகுலத்துக்கு.

வியாகுலம் வேறு யாரும் இல்லை, சலேத்தின் சொந்த அண்ணன் கஸ்பாரின் மனைவி. மைனியும் நாத்தனாருமாக இரண்டு பேரும் ஒரே அம்மியில் அரைத்தவர்கள்தான். மாமனார் செத்த அன்றைக்குக் கெட்டது. கிழவர் மகள் வீட்டில் கண்ணை மூடினார், வியாகுலம் தாய் ஊருக்குப் போயிருந்தாள், கேதம் சொல்ல, சாவுச் செய்தியைச் சொல்லப் போன ஆள் வழியில் எங்கோ குடித்துவிட்டு விழுந்துகிடந்தான். வியாகுலம் வந்து சேர்ந்தபோது குழியை மூடியாகிவிட்டது. மூத்த மருமகள், மாமனாருக்கு ஒரு பிடி மண் போடவில்லை. "எனக்குக் கேதம் சொல்லல. நான் மனுஷியாத் தெரியல" என்று அவள் கொடிமரத்தடியில் மெழுகுதிரியைக் கொளுத்திச் சத்தியம் பண்ணினாள்: அவள் வாசற்படியை மிதிக்க மாட்டேன், அவள் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன், மீறினால் என் பிள்ளைகளுக்கு ஆகாது. ஆள் அனுப்பியும் இப்படி ஒரு பழியா என்று சலேத்தும் போய் இன்னொரு திரியைக் கொளுத்தி அதே சத்தியத்தைத் தன் பிள்ளை மேல் வைத்தாள். அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை, பிரிஸ்கா. அன்றிலிருந்து நடுவில் மாட்டிய கஸ்பார் இரண்டு வீட்டு மீன்குழம்பையும் சாப்பிட்டுவிட்டு இரண்டு வீட்டிலும் ஊமையாக இருந்தான்.

நான் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வியாகுலம் முற்றத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடாமலேயே வந்து நின்றிருக்கிறாள், அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது. "வியாகுலம், ரத்தம் நிக்கமாட்டேங்கு, சொல்லுட்டி" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒன்றும் வரவில்லை. மீன் முள் மாட்டிக்கொண்டவள் மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வாய் வரைக்கும் வருதுக்கா, வெளிய வரமாட்டேங்கு. நீங்க கேட்டா வராது. அவளக் கேக்கச் சொல்லுங்க. எஞ்சத்தியம் எங்கூட போட்டும், அவளக் கேக்கச் சொல்லுங்க."

திரும்ப ஓடி வந்து சலேத்திடம் சொன்னேன். அவள் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு மலங்க மலங்க விழித்தாள். "நான் எப்படிக்கா கேப்பேன்? பிரிஸ்கா மேலதானே சத்தியம் வச்சேன். நான் வாயத் திறந்த நிமிசத்துல எம்பிள்ள போயிட்டா?"

"திறக்காட்டியும் போயிருவாட்டி!" என்று செல்லரோஸ் அக்கா கத்தினாள்.

மருமகன் படகோடு வெளியூர்த் துறைமுகத்தில் ஒதுங்கியிருந்தான். பிரிஸ்காவே கேட்கலாம் என்று அவள் காதில் சொல்லிப் பார்த்தோம், அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. சத்தியத்தை அவிழ்த்துவிடச் சாமியார் இல்லை. ஏட்டிக்குப் போட்டியாக ஏற்றிய இரண்டு மெழுகுதிரிக்கு நடுவே ஒரு பிள்ளை வெளுத்துக்கொண்டிருந்தது. நான் ஜெபமாலையை எடுத்தேன், மணி விரலில் நகரவில்லை. மாதாவே, எங்களுக்கு அறிவையும் கொடுத்து, அதைக் கேட்க வாயையும் கொடுத்து, அந்த வாயை நாங்களே தைத்துக்கொள்ளவும் விட்டுவிட்டாயே என்று மட்டும் நினைத்தேன்.

அப்போதுதான் வேலியில் செவலை கத்தியது.

செவலை வியாகுலத்தின் ஆடு. மழை என்றாலும் வெயில் என்றாலும் வேலி ஓலையைத் தள்ளித் தலையை இந்தப் பக்கம் நுழைத்து, சலேத்து வீட்டு முருங்கையைத் தின்பதே அதற்கு வேலை. பேச்சு முறிந்த வீடுகள் எங்கள் ஊரில் என்ன செய்யும் என்றால், சொல்ல வேண்டியதை ஆட்டிடமோ கோழியிடமோ சொல்லும். "ஏ செவலை, உங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லு, கழிவுத் தண்ணி எங்க பக்கம் வருதுன்னு" என்று சலேத்து சொல்லுவாள். "ஏ செவலை, தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் போகும்னு சொல்லு" என்று வியாகுலம் சொல்லுவாள். ஜாடைப் பேச்சு சத்தியத்தில் சேராது. அது ஊரறிந்த வழக்கம்.

சலேத்து எழுந்தாள். ரத்தக் கையோடு மழையில் ஓடி ஆட்டின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள்.

"செவலை, எம்மா செவலை, எம்பிள்ளைக்கு ரத்தம் நிக்கலியே, உங்க வீட்டுல தெரிஞ்சவங்க யாராவது இருந்தாச் சொல்லச் சொல்லும்மா!"

ஆட்டிடம் கேட்டால் அது கேட்டதாகுமா? பட்டணத்து டாக்டரின் படிப்புக்கு எங்கள் ஊர் ஜாடை தெரியுமா?

தெரிந்திருந்தது. இவ்வளவு காலம் எங்களோடு குடியிருந்துவிட்டதே, எங்கள் கோணல் புத்தியையும் அது பழகியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வியாகுலம் ஆட்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், அடைத்த மதகு திறந்த மாதிரி வார்த்தை வந்தது.

"கேளு செவலை, ஒழுங்காக் கேளு! மொதல்ல அவ நீர் போயிருக்காளா பாரு, அது ரொம்பி இருந்தா கர்ப்பப்பை சுருங்காது, அத எறக்கு. தொப்புளுக்குக் கீழ கைய வையி. பிசைஞ்ச மாவு மாதிரி தொளதொளன்னு இருக்கா? தேய்யி. வலிக்குன்னு கத்துவா, பாவம் பாக்காத. உருண்டு கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் தேய்யி. பிள்ளைய மாருல போடு, அது சப்பச் சப்பத் தாயிக்குச் சுருங்கும். கால ஒசத்தி வையி. போத்து!"

ஆட்டுக்குச் சொன்னதை நாங்கள் செய்தோம். செல்லரோஸ் அக்கா தேய்த்தாள், கை வலித்தபோது உபதேசியார் மனைவி தேய்த்தாள். கையின் கீழே உருண்டு திரண்டது. ரத்தம் குறைந்தது. சலேத்து முகத்தில் உயிர் வந்தது. ஒரு நிமிஷம்தான். கையை எடுத்ததும் கல் மறுபடியும் மாவாகியது, துணி மறுபடியும் நனைந்தது.

"செவலை, திரும்பவும் போகுதே!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வியாகுலத்தின் குரல் இறங்கி வந்தது. "இனி உள்ளது வாயில இல்ல செவலை. எங்கையில இருக்கு."

கை வர வேண்டும் என்றால் வாசற்படியை மிதிக்க வேண்டும். அவள் வேலிப் பக்கம் ஒரு அடி வைத்தாள், நின்றாள். சனிக்கிழமை அக்கரைக்குப் போய் மாட்டிக்கொண்ட அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த நேரம் அங்கே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவர்கள் மேல் வைத்த சத்தியம். அவள் கண் வாசற்படியைப் பார்த்தது, பிள்ளைகள் நின்ற திசையைப் பார்த்தது, திரும்பவும் வாசற்படியைப் பார்த்தது.

அவ்வளவு காலம் ஊமையாக இருந்த கஸ்பார் அரிவாளோடு வந்தான். வேலியை ஒரே வெட்டில் சாய்த்தான், தங்கச்சி வீட்டு அடுப்பங்கரையின் ஓலைச் சுவரை மேலிருந்து கீழாகக் கிழித்தான். மொராயிஸ் அண்ணனும் சேர்ந்து இழுக்க, ஒரு ஆள் நுழைகிற அளவு சுவர் திறந்தது. அதில் படி இல்லை. வெறும் மணல்தான்.

வியாகுலம் அந்த வழியாக உள்ளே வந்தாள். கொதித்து ஆறின தண்ணீரில் முழங்கை வரைக்கும் கழுவினாள், செவிலியம்மா முன்னமே கொடுத்துவைத்திருந்த கையுறையை மாட்டினாள், ஒரு கை உள்ளே முஷ்டியாக, ஒரு கை வயிற்றின் மேலாக, நடுவில் அந்தக் கர்ப்பப்பையை வைத்து அமுக்கிப் பிடித்தாள். பிரிஸ்கா அலறினாள். ரத்தம் நின்றது. கையைத் தளர்த்தினால் மறுபடியும் வரும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது, தளர்த்தவில்லை. கிழிந்த சுவர் வழியாகச் செவலையும் பின்னாலேயே வந்து, சாக்கின் மேல் படுத்து அசை போட்டது. அதை விரட்ட யாருக்கும் மனசு வரவில்லை. அது போய்விட்டால் அந்த இரண்டு பேரும் எப்படிப் பேசுவார்கள்?

மழை விட்டது. வற்றம் வர வேண்டும். அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வேன், கடலே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வியாகுலத்தின் தோள் நடுங்கியது, வியர்வை கண்ணில் இறங்கியது. சலேத்து பின்னால் போய் அவள் முழங்கையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே, "செவலை, தண்ணி குடிக்கச் சொல்லு" என்று செம்பை அவள் வாய்க்குக் கொண்டுபோனாள். வியாகுலம் குடித்துவிட்டு, "செவலை, இவ கை ஏன் இப்படி நடுங்குது, நேராப் பிடிக்கச் சொல்லு" என்றாள்.

பாலத்துக் கல் தலை காட்டியதும் ஆட்கள் கட்டிலோடு தூக்கினார்கள். மாதா சப்பரம் தூக்குகிற அதே தோள்கள். கட்டிலில் பிரிஸ்கா, அவள் மேல் கையை எடுக்காமல் மண்டியிட்ட வியாகுலம், இடுப்பளவுத் தண்ணீரில் நாங்கள் அருள் நிறை மந்திரம் சொல்லிக்கொண்டே போனோம், கால் வழுக்கின இடத்தில் மந்திரமும் வழுக்கி, பிடித்த இடத்தில் திரும்பத் தொடங்கியது. நான் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். எனக்குப் பின்னால் சலேத்து ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஆம்புலன்ஸ் பையன் கதவைத் திறந்துகொண்டு, "எல்லாம் சரிம்மா, ஆடு எதுக்கு?" என்றான்.

"அதுதான் எங்களுக்கு வாய்" என்றாள் சலேத்து.

ஆட்டை ஏற்றவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அங்கே டாக்டர் பிருந்தா ஓடி வந்து பார்த்து, ஊசி போட்டு, ரத்தம் ஏற்றச் சொல்லி, "நான் பிடிச்சுக்கிட்டேன், இனி நீங்க கையை எடுக்கலாம்" என்றார். வியாகுலத்தால் கையைப் பிரிக்க முடியவில்லை. டாக்டரே ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டார். "யாரும்மா இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள். வியாகுலம் டாக்டரைக் காட்டினாள். டாக்டர் அந்த விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

பிரிஸ்கா பிழைத்தாள். அவள் பிள்ளை இப்போது கொடிமரத்தைச் சுற்றி ஓடுகிறது. அதற்குப் பிறகு ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகள் மழை கறுப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அக்கரைக்குப் போய்விட்டார்கள். ஓடையின் மேல் உயரப் பாலம் கேட்டு ஊரே போய் உட்கார்ந்ததும், அது வந்ததும் வேறு கதை.

கிழித்த சுவரை சலேத்து அடைக்கவில்லை. அந்த இடத்தில் கதவு வைத்தாள், படி வைக்கவில்லை. வியாகுலம் தினமும் அந்த வழியாக வந்துபோனாள். பிள்ளையைக் குளிப்பாட்டினாள், குழம்புக்கு உப்புப் பார்த்தாள், சண்டையும் போட்டாள், எல்லாம் செவலையிடம்தான். முருங்கையையும் தின்று இரண்டு வீட்டுக் கழுநீரையும் குடித்து அது பெருத்துப்போய்க் கிடந்தது. பண்டிகைக்கு வெட்டலாமா என்று கேட்ட கஸ்பாரை இரண்டு பேரும் செவலையிடம் திட்டிய திட்டு ஊர் எல்லை வரைக்கும் கேட்டது.

போன தவக்காலத்தில் ஒரு காலை, சலேத்து அடுப்பில் உலை வைத்திருந்தாள், நான் கொழுக்கட்டைக்கு அரிசி மாவு கடன் வாங்கப் போய் நின்றேன். படியில்லாத கதவு வழியாக வியாகுலம் வந்தாள். பழக்கத்தில் கீழே பார்த்தாள், அங்கே சாக்கு மட்டும்தான் கிடந்தது. பக்கத்தில் பார்த்தாள், என்னைத் தவிர யாரும் இல்லை. பிறகு தலையை நிமிர்த்தி, சலேத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சலேத்து, கேதம் சொல்ல வந்தேன். செவலை போயிட்டா."

சலேத்து உலையை இறக்கி வைத்தாள். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள்.

"எப்ப மைனி எடுக்கிறீங்க?"

"நீ வந்து மண்ணு போட்ட பொறவுதான்ட்டி."